பக்கவாட்டில் நின்றவர்கள்

1991 என்று நான் வாயைத் திறந்தாலே நம் வயதுக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக்காரி, அந்த மே மாதத்தைப் பற்றித்தான் ஆரம்பிக்கப் போகிறாள் என்று நினைப்பீர்கள். இல்லை. அதைச் சொல்ல அப்போதே ஆள் அதிகம். அன்றைக்கு வேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த மனிதர்கூட எங்கள் ஊர் டீக்கடையில் உட்கார்ந்து, கண்ணால் கண்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாள் போனதும் அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு வந்த மாதங்களை. ஆனி பிறந்ததிலிருந்து கார்த்திகை மழை வரைக்கும் எங்கள் வீட்டில் நடந்தது எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

மண்ணூரிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் கிராமம். எனக்குப் பதினாறு வயது, பதினோராம் வகுப்பு. அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். ஏரி நிரம்பினால் நெல், நிரம்பாவிட்டால் வேர்க்கடலை. பெரும்பாலும் வேர்க்கடலைதான். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். பத்தாவதோடு நின்று, மெயின் ரோட்டில் புதிதாக வந்திருந்த கம்பிக் காயில் சுற்றும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆறரைக்கு வேன் வரும். மயிர் கனத்துக்குச் செம்புக் கம்பி. அதை ஒரு சின்னக் கட்டையில் வரிசை பிசகாமல் சுற்ற வேண்டும். அந்த லைனில் அக்காதான் வேகம். ஒரு ஆயுத பூஜைக்கு வீட்டுக்காரர்களையும் கம்பெனிக்குள் விட்டார்கள். அப்போது சூப்பர்வைசர் அம்மாவிடம் சொன்னார்: "கண்ணுன்னா உங்க பொண்ணு கண்ணுமா. இத்தினி பேர்ல இவ பீஸ் மட்டும் திரும்பி வராது." அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லி முடிக்க ஒரு மாதம் ஆனது.

அதே தெருவில்தான் அக்காவுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வழியில் ஒரு ஆள் எதிர்ப்பட்டால் "இன்னா, எங்க போய்ட்டு வரீங்கோ" என்று கேட்டாக வேண்டும். பதில் யாருக்கும் வேண்டியதில்லை. கேட்டதுதான் கணக்கு. கேட்காமல் போவது, முகத்துக்கு நேரே திட்டுவதைவிட மோசம். திட்டினால் பதிலுக்குத் திட்டி அன்றே முடித்துக்கொள்ளலாம். கேட்காமல் போனதை ஏழு வருஷம் மனதில் வைத்திருப்பார்கள். அக்கா கேட்காமல் போவாள். பம்பு செட் பக்கம் துணி துவைப்பவர்களையும், வேலியோரம் மாடு பிடித்துக்கொண்டு நிற்பவரையும் தாண்டி, நேராகப் பார்த்தபடி, கழுத்தைத் திருப்பாமல் போவாள். "கம்பெனி சம்பளம் வாங்குறா இல்ல, திமிரு இருக்கும்" என்று அவள் காதுபடவே சொல்வார்கள். அவள் திடுக்கிட்டுத் திரும்பி, சிரித்து, ஏதாவது சொல்ல வாயெடுப்பாள். அதற்குள் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள்.

வீட்டிலும் திட்டுதான். வாசற்படியில் வைத்த குடத்தை உதைப்பாள். விளக்கு வைக்கிற நேரத்தில் படுத்திருக்கும் அப்பா காலை மிதிப்பாள். ஓடி (ஓவர்டைம்) பார்க்கச் சொன்னால் மாட்டேன் என்பாள், வேன் இருட்டில் கொண்டுவந்து விடும் என்பதால். "சோம்பேறி" என்பாள் அம்மா. "எருமை, கீய பாத்து நட" என்பார் அப்பா. நானும் சொல்லியிருக்கிறேன். எருமைக்கு என்ன, அது பார்த்துத்தான் நடக்கிறது.

புத்தகத்துக்கு வருகிறேன்.

மளிகைக் கடைக்காரர் பொட்டலம் மடிக்கப் பழைய பேப்பரை எடைக்கு வாங்குவார். ஒருநாள் வெல்லம் வாங்கப் போனபோது அந்தக் குவியலில் அட்டையில்லாத ஒரு புத்தகம் கிடந்தது. முன்னால் சில பக்கங்கள் ஏற்கெனவே கடலைப் பருப்போடு போய்விட்டிருந்தன. அதனால் அதன் பெயரும் எனக்குத் தெரியாது, எழுதியவர் யாரென்றும் இன்றுவரை தெரியாது. வேறு ஏதோ பாஷையிலிருந்து தமிழுக்கு வந்தது என்பது மட்டும் தெரிந்தது, ஏனென்றால் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் அடுத்த பக்கத்தில்தான் முடிந்தது. கதையாக இருக்கும் என்றுதான் கேட்டேன். கடைக்காரர் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த எடைக்கு பேப்பர் கொண்டாந்து போட்டுடு" என்றார். சீயக்காயும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாடை அதில் கடைசிவரை இருந்தது.

கதை இல்லை. ஒரு மனிதன் அறையில் உட்கார்ந்துகொண்டு மேசையைப் பார்க்கிறான். பக்கம் பக்கமாக அதையேதான் பார்க்கிறான். மேசையின் ஒரு முகம்தான் தன் கண்ணுக்கு வருகிறது, மறுபுறம் இருக்கிறது என்பது வெறும் நம்பிக்கை என்கிறான். நான் சிவப்பு என்று சொல்வதும் நீ சிவப்பு என்று சொல்வதும் ஒன்றா என்று கேட்கிறான். ஒருவன் தன் கண்ணைக் கழற்றி இன்னொருவனுக்குக் கொடுக்க முடியாதவரை இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்கிறான். எனக்குக் கால்வாசிதான் புரிந்தது. அந்தக் கால்வாசியே தாங்க முடியவில்லை.

சிரிக்காதீர்கள். கடினமான புத்தகத்தை அந்த வயதில் படித்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். அது புத்தியில் இறங்கவில்லை, வயிற்றில் இறங்கியது. கிணற்றடியில் நின்று வேப்பமரத்தைப் பார்ப்பேன். அதன் பின்பக்கம் இப்போது இருக்கிறதா என்று சந்தேகம் வரும். ஓடிப் போய்ப் பார்ப்பேன், முன்பக்கம் போயிருக்கும். அப்பா பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தால் அவருடைய மறுகன்னம் இல்லாமல் போய்விட்டதுபோல் பயம் வரும். புத்தகத்தின் மேல் கோபம் வந்து ஒருநாள் அதை அரிசிப் பானைக்குப் பின்னால் வீசினேன். சாயங்காலமே எடுத்துத் துடைத்தேன்.

ஒரு மத்தியானம் அம்மாவிடம் கேட்டேன், "இந்த சோறு தட்ல கீதா, என் கண்ல கீதாம்மா?"

"தட்ல இருந்தா துன்னு. கண்ல இருந்தா தொடச்சிக்கோ" என்றாள் அம்மா. இதைவிட நல்ல பதிலை நான் இன்னும் யாரிடமும் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்தில் அவ்வளவு நயம் இல்லை. தமிழம்மா ஏதோ ஒரு பாட்டில் முழுநிலவின் அழகை நடத்திக்கொண்டிருந்தார். நான் எழுந்து, நிலவைப் பார்த்துப் பாடியவர் பார்த்த நிலவும் நாம் பார்க்கும் நிலவும் ஒன்றுதானா என்று எப்படித் தெரியும் என்றேன். வகுப்பு சிரித்தது. தமிழம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை. மணி அடிக்கும்வரை நின்றேன். "அதிகமா படிச்சா இப்டிதான் போவும்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. கேள்வி தப்பு என்றுகூட ஒருவரும் சொல்லவில்லையே என்று.

ஆடி மாதக் கடைசியில் அக்காவின் கல்யாணப் பேச்சு வந்தது. அப்பாவுக்கு மூத்தவள், எங்கள் அத்தை, சேரப்பணஞ்சேரியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுடைய மகன் அக்காவுக்கு முறைமாப்பிள்ளை. அம்பத்தூரில் ஒரு பட்டறையில் பிட்டர். அதிகம் பேசமாட்டான், பீடி கிடையாது. இரண்டு வீட்டுக்கும் இஷ்டம். அப்படி இருக்கையில் அத்தை ஒருநாள் கோபமாக எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். காலையில் படப்பை பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தாளாம். கம்பெனி வேலையாக அங்கே வந்த அக்கா, அவள் தோளை உரசாத குறையாகத் தாண்டிப் போயிருக்கிறாள்; ஒரு வார்த்தை பேசவில்லை.

"வூட்டுக்கு வரப் போற மருமவ, மாமியாக்காரி நிக்கறா, வாங்கன்னு கேக்கல. நான் இன்னா கல்லா, கம்பமா?"

அம்மா கையைப் பிசைந்தாள். அப்பா மோர் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தது நான். அக்கா வேலையிலிருந்து இன்னும் வரவில்லை.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இங்கே சொல்லிவிட வேண்டும். புத்தகத்தில் ஒரு பக்கத்தில் அந்த மனிதன் மேசையை விட்டுவிட்டு, வாசிப்பவரை ஒரு காரியம் செய்துபார்க்கச் சொல்கிறான். நேராக ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிரு. இன்னொருவர் உன் காதுக்குப் பின்னாலிருந்து விரலை மெல்ல ஆட்டிக்கொண்டே முன்னால் கொண்டுவரட்டும். எங்கே வந்ததும் தெரிகிறது என்று சொல். அதுதான் உன் உலகத்தின் ஓரம். எனக்கு அந்த வார்த்தை பிடித்துப்போனது. நல்ல வெயில். அக்கா கிணற்றடியில் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். மாட்டுக் கொட்டகைச் சுவரில் ஒரு ஆணி இருந்தது. அதையே பார் என்று சொல்லிவிட்டு, அவள் காதுக்குப் பின்னாலிருந்து விரலைக் கொண்டுவந்தேன்.

காதைத் தாண்டினேன். கண்ணின் ஓரத்துக்கு வந்தேன். அவள் பேசவில்லை.

"தெரிதா?"

"இன்னா தெரிதா? நீ இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."

என் விரல் அவள் கன்னத்துக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் நகர்த்தினேன். கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வந்த பிறகு, "ஆங், இப்ப" என்றாள். மறுபக்கமும் அப்படியே. விளையாடுகிறாள் என்று நினைத்து அவள் தலையில் குட்டினேன். அவள் நிஜமாகவே கேட்டாள், "ஏன், உனக்கு எங்க வந்தா தெரியும்?"

என்னைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து அவள் விரலைக் கொண்டுவந்தாள். காதருகே வந்ததுமே சொன்னேன். பொய் சொல்கிறாய் என்றாள். மறுபடி செய்தாள். அப்புறம் விரல்களை மாற்றி மாற்றி நீட்டி, எத்தனை என்று கேட்டாள். நான் சரியாகச் சொன்னேன். அவள் ஆட்டுக்கல்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஈரத் தலை முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாருக்கும் என் மாதிரிதான்னு நெனச்சிகினு இருந்தேன்டி" என்றாள். "நீங்கல்லாம் கழுத்த சுருக்கா திருப்பறீங்கோ, எனக்கு அந்தப் பயக்கம் வரல, அவ்ளோதான்னு."

முடி நுனியைப் பிழிந்துகொண்டே, "இருட்டுனா யாருக்குமே தெரியாது, இல்ல?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் தெரியும்."

"கொஞ்சம்னா எவ்ளோ?"

அதற்கு நான் என்ன சொல்வேன்? நான் பார்ப்பதை எந்த அளவில் அளந்து அவள் கையில் கொடுப்பேன்? கண்ணைக் கழற்றிக் கொடுக்க முடியாதவரை பதில் இல்லை என்று எழுதியவன் ஒரு அறையில் மேசைக்கு எதிரே சௌகரியமாக உட்கார்ந்திருந்தான். அவன் சொன்னது அத்தனையும் நிஜம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நிஜமாக இருந்ததால் அவனை எனக்குப் பிடிக்காமல் போனது.

அத்தையிடம் மோரை நீட்டினபோது இதெல்லாம் என் தொண்டையில் இருந்தது. அக்காவைத் திமிர் பிடித்தவள் என்று அவள் இரண்டாம் முறை சொன்னபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா வேணும்னு போகலத்தே. அவளுக்குப் பக்கத்துல நிக்கறவங்க தெரிய மாட்டாங்கோ. நேரா இருக்கறதுதான் தெரியும். நானே வெரல வெச்சிப் பாத்தேன்."

அத்தை சிரித்தாள். வாய்விட்டு, மோர் சிந்தச் சிந்தச் சிரித்தாள். "கண்ணு தெரியாதவளா கம்பெனில மயிரு கனத்துக்கு கம்பி சுத்தறா? ஊருல பொய் சொல்றவங்களப் பாத்துகீறேன், இப்டி அக்காவ குருடி ஆக்கிப் பொய் சொல்றவள இப்பதான் பாக்கறேன்."

அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். அறைந்த வேகத்தில் அவள் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. "எல்லாம் அந்த பொஸ்தகம்" என்றாள் அத்தையைப் பார்த்து, மன்னிப்புக் கேட்கிற குரலில். "அத்தப் படிச்சதுலேர்ந்து இது ஒரு மாதிரி ஆய்டுச்சி."

அத்தை போன பிறகு அப்பா யோசித்தார். இந்தப் பேச்சு சேரப்பணஞ்சேரி போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு உதைப்பு. அந்த வாரமே ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். சுவரில் அட்டை மாட்டியிருந்தது. மேலே பெரிய எழுத்து, கீழே வரவரச் சிறிய எழுத்து. அக்காவின் ஒரு கண்ணை மூடி வாசிக்கச் சொன்னார்கள். கடைசி வரியைக்கூட அவள் திணறாமல் வாசித்தாள். எனக்கே அந்த வரி மங்கலாகத்தான் இருந்தது. அட்டையைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்த மனிதர் அப்பாவின் தோளைத் தட்டி, "தங்கமான கண்ணு. ஒண்ணும் கொற இல்ல" என்றார். அவருக்குப் பின்னால் வரிசை வெயிலில் ரோடுவரை நின்றது. அதில் பாதிப்பேர் கிழவர்கள், கண்ணில் பூ விழுந்தவர்கள். அவர்களுக்கு நடுவே ஒரு வாலிபப் பெண்ணை எதற்குக் கொண்டுவந்தார் இந்த ஆள் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அவரை நான் குற்றம் சொல்லவில்லை.

"அட்ட நேரா இருந்திச்சிப்பா" என்று வரும் வழியில் சொன்னேன். "பக்கத்துல இருக்கறத அவங்க கேக்கவே இல்ல."

"நீ டாக்டரா?" என்றார் அப்பா.

அக்காவைப் பார்த்தேன், எனக்காகப் பேசுவாள் என்று. அவள் வேறு எங்கோ நேராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். "விடுடி. நல்லா கீதுன்னு பெரிய மனுசங்க சொல்லிட்டாங்க இல்ல" என்றாள். அவள் முகத்தில் அப்போது இருந்த நிம்மதி எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. பத்தொன்பது வயதுப் பெண், கல்யாணம் நிச்சயமாகப் போகிறது, கண் தங்கம் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்கள். அவள் என் விரலை நம்புவாளா, அந்த அட்டையை நம்புவாளா?

நாங்கள் வீடு திரும்பியபோது அரிசிப் பானைக்குப் பின்னால் புத்தகம் இல்லை. அம்மா அதை மளிகைக் கடையில் போட்டுவிட்டுத் துவரம் பருப்பு வாங்கி வந்திருந்தாள். பிறகு பல நாள் எங்கள் வீட்டுக்கு வந்த பொட்டலங்களையெல்லாம் பிரித்துப் பார்த்தேன். ஒரே ஒரு தாள் வந்தது, மேசையைப் பற்றியது, பாதி எண்ணெயில் ஊறி. விரல் வைக்கிற பக்கம் வரவேயில்லை. யார் வீட்டு மிளகாயைச் சுமந்துகொண்டு போனதோ.

அப்பா சேரப்பணஞ்சேரி போய் அத்தையைச் சமாதானப்படுத்திவிட்டு வந்தார். ஆவணியில் கல்யாணம். மணவறையைச் சுற்றும்போது அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றினேன். ஓமப் புகையும் டியூப் லைட் வெளிச்சமுமாக இருந்த அந்தப் பந்தலில் எங்கே செங்கல் இருக்கிறது, எங்கே சொம்பு இருக்கிறது என்று காதில் சொல்லிக்கொண்டே வந்தேன். "அக்கா தங்கச்சின்னா இப்டி இருக்கணும், பிரிய மனசு வருதா பாரு" என்று பின்னால் பெண்கள் பேசிக்கொண்டார்கள். கேட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் அக்காவுக்கு எல்லாம் கால் கணக்கு. உரல் எங்கே, தொட்டி எங்கே, எத்தனை அடிக்குப் பிறகு படி வரும் என்று சின்ன வயதிலிருந்தே பழகியிருந்தாள். அத்தை வீடு புது வீடு. சாயங்காலத்தில் கரண்ட் அடிக்கடி போய்விடும். போன பத்தாம் நாளோ பதினைந்தாம் நாளோ, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமாவின் தட்டிலேயே காலை வைத்துவிட்டாள். சோற்றில் கால் வைத்தவள் என்று அந்தத் தெருவிலும் பேராயிற்று. கூப்பிட்டுப் பேசாதவள், குழந்தையை இடித்துத் தள்ளியவள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. அத்தை முதலில் திமிர் என்றுதான் சொன்னாள். பாவம், அவளுக்கும் தெரிந்த வார்த்தை அது ஒன்றுதான். கார்த்திகை மழையில் ஒருநாள் இருட்டுகிற நேரத்தில், தெருவில் நிறுத்தியிருந்த டிராக்டர் டிரெய்லரின் பின்பலகையில் நேராகப் போய் மோதி அக்காவின் நெற்றி பிளந்தது. அவள் வீட்டுக்காரன்தான் தையல் போட்டுக் கூட்டிவந்தான். பிறகு ஒருவரிடமும் சொல்லாமல் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே இருட்டறையில் சொட்டு மருந்து விட்டு உள்ளே விளக்கடித்துப் பார்த்திருக்கிறார்கள். நரம்பு, பிறவியிலேயே வந்தது, ஓரத்திலிருந்து மூடிக்கொண்டே வரும், மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவன் அக்காவையும் அவள் டிரங்குப் பெட்டியையும் எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டான். குடை அவளுக்குப் பிடித்தான்; தான் நனைந்தான். உள்ளே வரச்சொன்னோம், வரவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான். அவனை நினைத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, அதுதான் கஷ்டம்.

அடுத்த வாரம் அத்தை வீட்டுப் பெரியவர்கள் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். வெளியே மழை. பாய் ஈரம். அக்கா அடுக்களைக் கதவோரம், நெற்றித் தையலோடு. அவர்கள் பக்கத்து மூத்தவர் ஒருவர் ஆரம்பித்தார். கண் கோளாறை மறைத்துக் கட்டிக்கொடுத்தீர்கள், இனி அவள் உங்கள் பெண்.

"சத்தியமா எங்களுக்குத் தெரியாது" என்றார் அப்பா. "கேம்புல காட்னோம். தங்கம்னு சொன்னாங்கோ."

"கொற இல்லாத கண்ண எதுக்குடா கேம்புக்கு இட்டுகினு போன?" என்றாள் அத்தை. அழுதுகொண்டேதான் கேட்டாள், தம்பி அவளுக்கு. "என் பொண்ண நான் இட்டுகினு போனேனா? ஊருல எந்தப் பொண்ண இட்டுகினு போனாங்கோ? உனுக்குத் தெரிஞ்சிருக்கு. சின்னவளக் கூப்புடு. எங்கிட்டயே சொன்னா, இந்த எடத்துல நின்னுகினு சொன்னா."

என்னைக் கூப்பிட்டார்கள். அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். இல்லை என்று சொல், என்னவோ உளறினேன் என்று சொல் என்றது அது. இல்லை என்று சொல்வதற்கும் எனக்கு வாய் வரவில்லை. நான் சொன்ன ஒரே உண்மையை யாரோ கடைசியாகக் கேட்கிறார்கள் என்று அந்த நிமிஷத்தில் ஒரு முட்டாள்தனமான சந்தோஷம்கூட வந்தது.

"சொன்னியா இல்லியா?" என்றார் மூத்தவர்.

"சொன்னேன். அத்தகிட்டதான் சொன்னேன். அத்ததான் சிரிச்சாங்கோ."

"சொன்னேன்னு சொல்லிடுச்சி பாருங்க" என்றார் அவர் மற்றவர்களிடம். "அப்ப தெரிஞ்சிருக்கு." மீதியை ஒருவரும் கேட்கவில்லை. பொய் என்று அறை வாங்கிய அதே வார்த்தைதான். இப்போது அதுவே எங்கள் வீட்டுக்கு எதிரான சாட்சி.

பிறகு அக்காவைக் கேட்டார்கள். அவள் எழுந்து நின்று, அவர்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தலையைத் திருப்பித் திருப்பித் தேடினாள். "எல்லாருக்கும் என் மாதிரிதான் தெரியும்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றாள்.

"இத்தினி வருசமா தன் கண்ணு தனக்குத் தெரியாதா?" என்று அந்தப் பெரியவர் கேட்டார்.

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. தெரியாது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. தன் கண்ணின் ஓரத்தை எவரும் தானாகக் கண்டதில்லை என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கம் மிளகாய்ப் பொட்டலமாகப் போய்விட்டது. இருந்திருந்தாலும் அந்தக் கூடத்தில் அதை யார் படித்துக் காட்டச் சொல்லியிருப்பார்கள்? நான் அழவில்லை. எனக்கு அப்போது யார்மேலும் நம்பிக்கை இல்லை, படிப்பின்மேலும்.

அப்பா என்னை அடிக்கவில்லை. பன்னிரண்டாவது முடியும்வரை ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும் "படிச்சது போதும்" என்றார். அம்மா மட்டும் சாகும்வரை அவ்வப்போது சொல்வாள், "நீ அன்னிக்கி வாய மூடிகினு இருந்திருந்தா." எந்த அன்றைக்கு என்று நான் கேட்டதில்லை. பிறகு நானும் கம்பெனிக்குப் போனேன். வேலை இன்ஸ்பெக்ஷன். விளக்குக்கு அடியில் ஒவ்வொரு பீஸாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பழுது இருந்தால் தள்ளிவைக்க வேண்டும். வருஷக்கணக்கில் அதைத்தான் செய்தேன். நான் எவனையும் கட்டிக்கொள்ளவில்லை. காரணம் கேட்காதீர்கள், பெரிதாக ஒன்றுமில்லை.

இப்போது வீட்டில் நானும் அக்காவும்தான். வேர்க்கடலை போட்ட நிலத்தில் கம்பெனி கோடவுன். ஒரகடம் ரோட்டில் ஷிப்ட் மாறுகிற நேரத்துக்குப் பஸ் பஸ்ஸாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். அக்காவுக்கு நேராகத் தெரிந்துகொண்டிருந்ததும் நாற்பது வயதுக்குள் மூடிக்கொண்டுவிட்டது. சாயங்காலத்தில் அவளுக்கு வாசலில் ஒரு பிளாஸ்டிக் சேர் போடுவேன். செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் முகத்தைத் தூக்கி, "இன்னா, வேல முடிஞ்சிதா?" என்று கேட்பாள். யார் வந்தாலும், எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கேட்பாள். இந்த ஊருக்கு அவள் பாக்கி வைத்ததையெல்லாம் கேட்டுத் தீர்க்கிறவள்போல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருவரும் பதில் சொல்வதில்லை. கெட்டவர்கள் இல்லை. அவளுக்குத்தான் கண் தெரியாதே, யார் போனார்கள் என்று அவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று பேசாமல் போகிறார்கள்.

நேற்றும் அப்படித்தான். எதிர்வீட்டுப் பையன், நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, ஷிப்ட் முடிந்து வந்தான். அக்கா கேட்டாள். அவன் அவளைத் தாண்டி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான்.

"யாருடி போனது?" என்றாள்.

சொன்னேன்.

"கம்பெனி சம்பளம் வாங்குறான் இல்ல" என்றாள் அக்கா. "திமிரு இருக்கும்."

சிரிக்கிறாளோ என்று குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை.